‘நாளைக்கு வந்து பாருங்க’ என்று எழுதியவர்

கோவளத்தில் ஏலம் முடிந்து கூடைகளை வண்டியில் ஏற்றியதும் நான் செய்கிற முதல் வேலை உமா மேடத்துக்குப் போன் பண்ணுவது. அன்றைக்கும் பண்ணினேன். ரிங் போனது, எடுக்கவில்லை. குளிக்கப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். கேளம்பாக்கம் தாண்டியதும் மறுபடி பண்ணினேன். அப்போதும் எடுக்கவில்லை. ராஜகீழ்ப்பாக்கத்தில் கடையைத் திறந்து, பலகையில் ஐஸ் கொட்டி, மீனை அடுக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு போன் வந்தது. உங்களில் ஒருவர்தான்.

“இன்னாக்கா, உன் கடை வெப் பக்கத்துல நேத்து போட்டதே கீது? இன்னிக்கு இன்னா மீனு?”

“மேடம் வூட்ல நெட்டு இல்ல போல. நீ நேரா வந்துடுப்பா” என்றேன். அவர் வைத்ததும் ஒரு அம்மா, அதே கேள்வி. அதற்கடுத்த போன் உமா மேடம் நம்பரிலிருந்தே வந்தது. ஈரக் கையோடு எடுத்து, “இன்னா மேடம், தூங்கிட்டீங்களா? ஊரே என்னைக் கேட்டுக்கினு கீது” என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். பேசியது மேடம் இல்லை, அவர் வீட்டு சார். “வள்ளியம்மா, விடியக்காலைல உமாவுக்கு நெஞ்சு வலி வந்துச்சு. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பேசிக்கிட்டேதான் வந்தா. உள்ளே கொண்டு போனப்புறம் முடிஞ்சு போச்சுன்னுட்டாங்க” என்றார். அவர் என்னை வள்ளியம்மா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. போனை வைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் சொட்டி அதன் மேல் எல்லாம் நனைந்துவிட்டது.

இந்தப் பக்கத்துக்கு வருகிற உங்கள் எல்லோருக்கும் உமா மேடத்தைத் தெரியும். தெரியும் என்பதுதான் உங்களுக்குத் தெரியாது. தினமும் காலையில் இங்கே ஒரு வரி வருமே, இன்றைக்கு என்ன மீன், எது நல்லா இருக்கு, எது சுமார் என்று, அதை நான் எழுதுவதாகத்தான் பல பேர் நினைத்துக்கொண்டிருந்தீர்கள். சில பேர் கடைக்கு வந்து, “நல்லா எழுதுறீங்கக்கா” என்று சொல்லியிருக்கிறீர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். சேதி என்னுடையது. எழுத்து அவருடையது. இந்தப் பக்கத்தையே கட்டினது அவர்தான்.

அவர் கடைசியாக எழுதிய வரி, அவர் போன பிறகும் இங்கேயே நின்றதை நீங்கள் பார்த்தீர்கள். “இன்று சங்கரா சுமார்தான். குழம்புக்கு வேண்டாம். நாளைக்கு வந்து பாருங்க.” அதை மாற்ற எனக்குக் கை வரவில்லை. மாற்றினால் அவர் கையால் எழுதினது போய்விடும். மாற்றாமல் விட்டால் அவர் கட்டின பக்கமே போய்விடும். எப்படிப் போகும் என்று அவரே எனக்குச் சொல்லியிருந்தார். அதனால்தான் இத்தனை நாள் தவித்தேன். அந்தக் கதையைத்தான் இன்றைக்கு நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். நீளமாகப் போகும். இவ்வளவு நீளத்தைப் பார்த்தால் அவர், “யாரு அக்கா கீழ வரைக்கும் உருட்டிப் படிப்பாங்க?” என்று கேட்டிருப்பார். இன்றைக்கு ஒரு நாள் உருட்டுங்கள்.

உமா மேடம் எங்கள் கடைக்கு முதலில் வந்தது பூனைக்காக. சேலையூரில் அவர்கள் காலனியில் எல்லாம் சைவக் குடும்பம். அவரும் முட்டை கூடத் தொடாதவர். ஒரு பூனை எங்கிருந்தோ வந்து அவர் வீட்டு மாடிப்படியில் குட்டி போட்டுவிட்டது. பால் சாதம் வைத்தால் முகர்ந்துகூடப் பார்க்கவில்லையாம். அதனால் ஒரு நாள் காலையில் ஸ்கூட்டியை எதிர்ப்பக்கம் டீக்கடை ஓரத்தில் நிறுத்திவிட்டு, துப்பட்டாவை மூக்கில் அழுத்திக்கொண்டு, கடைக்குப் பத்தடி தள்ளியே நின்று கையை நீட்டினார்.

“கால் கிலோ மத்தி.”

“கிட்ட வாம்மா, மீனு கடிக்காது” என்றேன்.

“பரவாயில்லைங்க, இங்கேயே குடுங்க.”

“க்ளீன் பண்ணணுமா?”

“பூனைக்குத்தான். பூனை க்ளீன் பண்ணதைத்தான் சாப்பிடுமா?”

கிண்டல் பண்ணவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. என் வீட்டுக்காரர் மாரி வண்டியிலிருந்து எட்டிப் பார்த்து, “பூனைய இங்க அனுப்பிடுங்க மேடம், அதுக்கே தெரியும்” என்றார். மேடமும் சிரித்துவிட்டார். துப்பட்டா மூக்கிலிருந்து நழுவியது. அதன் பிறகு அதை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அந்தப் பூனைக்கு மேனேஜர் என்று பேர் வைத்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, “நான் வேலை பார்த்த ஆபீஸ்ல ஒருத்தர் இருந்தார் அக்கா. ஒரு வேலையும் செய்யாம, எல்லாரும் வேலை செய்யறதையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பார்” என்றார். ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் ரொம்ப வருஷம் இருந்துவிட்டு, பிறகு வீட்டிலிருந்தே சின்னச் சின்னக் கடைகளுக்கு வெப்சைட் பண்ணிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பல் டாக்டர், பட்டுப் புடவைக் கடை, டியூஷன் சென்டர் என்று. வெப்சைட் என்றால் என்ன என்று நான் கேட்டேன். “கடைக்கு வராமலேயே கடையைப் பார்க்கிற இடம்” என்றார். “பாத்துட்டுப் போறவங்களே இங்க நெறைய பேரு கீறாங்க, அதுக்குத் தனியா ஒரு இடமா?” என்றேன். அந்தப் பேச்சு அன்றைக்கு அதோடு முடிந்தது.

அந்த வருஷம் கடைக்கு நேரம் சரியில்லை. கால்வாய்க்குப் பள்ளம் தோண்டி எங்கள் வாசலை மூடிவிட்டார்கள். கேம்ப் ரோடு பக்கம் பெரிய ஏசி மீன் கடை ஒன்று வந்தது. போனில் சொன்னால் வீட்டுக்கே மீன் வருகிற ஆட்களும் வந்தார்கள். காலையில் கடையைச் சுற்றி நின்ற கூட்டம் கரைந்துவிட்டது. கூடையில் மீதி விழ ஆரம்பித்தது. மீன் மீதியானால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மாரி வண்டியை வைத்து வேறு லோடு அடிக்கலாம் என்று பேச ஆரம்பித்தார். நான் கடையை மூடிவிட்டு எங்கே போவது? என் அம்மா காலத்திலிருந்து தலையில் கூடையும், பிறகு ரோட்டோரமும், பிறகுதான் இந்தப் பலகையும். மேடம் மத்தி வாங்க வந்தபோது இதைச் சொன்னேன். புலம்பலாகத்தான் சொன்னேன், உதவி கேட்கவில்லை.

மறுநாள் காலையில் எதிர் டீக்கடையில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டீயை வைத்துக்கொண்டு எங்கள் கடையையே பார்த்தார். அதற்கு அடுத்த நாளும் வந்தார். மாரிக்குப் பயம். “இன்னாடி, அந்தம்மா கார்ப்பரேஷன் ஆளா? நோட்டம் வுட்டுக்கினே கீது” என்றார். கடைசியில் மேடம் தெருவைத் தாண்டி வந்து என்னிடம் கேட்டார்:

“அக்கா, பச்சைச் சுடிதார் போட்டுட்டு ஒரு அம்மா தினம் வராங்களே, அவங்க மீனே வாங்கறதில்லையே?”

“அது பேஜார் புடிச்ச கேசு மேடம். சும்மா வந்து எட்டிப் பாத்துட்டுப் போவும்.”

“எதைப் பார்க்கிறாங்க?”

“இன்னிக்கு இன்னா வந்துகீதுன்னு.”

“வாங்கலைன்னா எதுக்குப் பார்க்கணும்?”

இத்தனை வருஷம் வியாபாரம் பண்ணியும் அதை நான் யோசித்ததே இல்லை. மேடம் சும்மா விடவில்லை. அந்த அம்மா வந்தபோது அவரையே போய்க் கேட்டுவிட்டார். அவர் கொஞ்சம் வெட்கப்பட்டு, “எங்க வீட்டுக்காரர் நண்டுன்னா உயிரை விடுவாருங்க. நண்டு வர்ற அன்னிக்கு மட்டும் வாங்குவேன். என்னிக்கு வரும்னு தெரியாதே, அதான் வந்து வந்து பார்க்கிறேன்” என்றார். மேடம் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஏதோ புதையல் எடுத்த மாதிரி என் பக்கம் திரும்பினார். “அக்கா, வாங்கறவங்க வாங்கிட்டுப் போயிடுவாங்க. பார்க்கிறவங்கதான் திரும்ப வருவாங்க. பார்க்கிறவங்களை விட்டுடாதீங்க” என்றார். அன்றைக்குத்தான் என் கடைக்கு ஒரு பக்கம் பண்ணித் தருவதாகச் சொன்னார். எனக்கு வேண்டாம் என்றுதான் பட்டது. ஆனால் அந்தப் பச்சைச் சுடிதார் விஷயம் மண்டையில் உட்கார்ந்துவிட்டது.

முதலில் அவர் பண்ணின பக்கத்தை உங்களில் யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டீர்கள். திறந்தால் கடல் அலைச் சத்தம் வரும். எழுத்து ஒரு பக்கமிருந்து நீந்தி வரும். நடுவில் ரோஜா நிறத்தில் பெரிய மீன் துண்டு, மேலே எலுமிச்சம்பழத்தை வட்டமாக நறுக்கி வைத்திருக்கும். எனக்கு அழகாகத்தான் இருந்தது. தியேட்டர் மாதிரி இருக்கிறது என்று நானும் மாரியும் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் போனில் காட்டினோம். ஒரு நாள் ரிட்டையரான வாத்தியார் ஒருவர் வந்தார். “அம்மா, அந்தச் செவப்பு மீன் கொஞ்சம் குடு” என்றார். “எந்தச் செவப்பு மீன் சார்?” என்றேன். அவர் போனை நீட்டினார். அது எந்த தேசத்து மீனோ! நான் கண்ணால் கண்டதில்லை. மேடம் வந்ததும் கேட்டேன்.

“மேடம், இது எந்தூரு மீனு?”

“தெரியலை அக்கா. மீன்னு தேடினேன், அழகா இருந்துச்சு, போட்டேன்.”

“தலையே இல்லியே?”

“தலை இருந்தா எனக்குப் பார்க்கவே ஒரு மாதிரி இருக்கு அக்கா. அது என்னையே பார்க்குது. நான் பார்த்த மீனெல்லாம் கோயில் குளத்துல பொரி தின்ற மீன்தான்.”

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் டீக்கடைக்காரர் எழுந்து வந்துவிட்டார். ஆனால் மேடத்துக்கு உள்ளே வருத்தம்தான். அவரிடம் ஒரு திரை இருந்தது. பக்கத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள், அதில் எத்தனை பேர் திரும்ப வந்தார்கள் என்று அதில் தெரியும். அதை எனக்குக் காட்டினார். கடை வாசலில் நடப்பது எனக்குத் தெரியும். போனுக்குள் இருக்கிற வாசலிலும் ஆட்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள், அதையும் ஒருவர் உட்கார்ந்து பார்க்கலாம் என்பது எனக்கு மாயமாக இருந்தது. “இதுல யாரு யாருன்னு தெரியுமா?” என்று கேட்டேன். “தெரியாது அக்கா. வந்தாங்க, உடனே போயிட்டாங்க, அவ்வளவுதான் தெரியும். ஏன் போனாங்கன்னு நாமதான் யோசிக்கணும்” என்றார். வந்தவர்கள் அத்தனை பேரும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனவர்கள்தான். திரும்பி ஒருவரும் வரவில்லை.

மேடத்தை நாலு நாள் காணோம். பிறகு வந்து, “எல்லாத்தையும் எடுத்துட்டேன்” என்றார். அலையும் இல்லை, நீந்துகிற எழுத்தும் இல்லை. “ஜனங்க ஒரே ஒரு கேள்வியோடதான் வராங்க அக்கா. இன்னிக்கு என்ன வந்திருக்கு? அதுக்குப் பதில் முதல் வரியிலேயே இருக்கணும். மத்ததெல்லாம் என் ஆசைக்குப் போட்டது.” அன்றையிலிருந்துதான் இந்த ஒரு வரி. கீழே அன்றைய கூடையின் படம், தலையோடு, கண்ணோடு. படத்தை மாரி கடற்கரையிலேயே எடுத்து அனுப்புவார். அதைப் பார்க்கும்போது மேடம் முதலில் கண்ணை மூடிக்கொண்டுதான் திறப்பாராம். போகப் போகச் செவுளின் சிவப்பைப் பார்த்து, “இன்னிக்கு நல்லா இருக்கு போலயே அக்கா?” என்று அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மறைமலை நகர் பேக்டரியில் நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள், பஸ்ஸிலேயே வரியைப் பார்த்துவிட்டு, ராஜகீழ்ப்பாக்கத்தில் இறங்குவதா நேராக வீட்டுக்குப் போவதா என்று முடிவு பண்ணுவார்களாம். இதை ஒரு தம்பி சொன்னபோது நான் மேடத்துக்கு உடனே போன் போட்டுச் சொன்னேன். அவர் அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, “பஸ் ராஜகீழ்ப்பாக்கத்துக்கு எப்ப வரும்னு கேளுங்க. அதுக்கு முன்னாடி வரி வந்தாகணும்” என்றார். அந்தத் தம்பி சொன்ன நேரத்தை வைத்துத்தான் அதன் பிறகு தினமும் எழுதினார். அவருக்கு அந்தத் தம்பி யாரென்றே தெரியாது.

எங்கள் இரண்டு பேருக்கும் நடந்த ஒரே சண்டையைச் சொல்ல வேண்டும். மீன் விற்கிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ரெகுலராக வருகிற அம்மாவுக்கு மீன் சுமாராக இருக்கிற அன்றைக்குத் தராசில் வைக்க மாட்டோம். மீனைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்போம், திரும்பக் கூடையிலேயே போடுவோம், “நாளைக்கு வந்து பாரும்மா” என்போம். அவருக்குப் புரிந்துவிடும். பக்கத்தில் நிற்கிற புது ஆளுக்குப் புரியாது. அவர் பார்த்து வாங்கிக்கொண்டு போவார். எல்லாரும் பண்ணுவதுதான். ஒரு நாள் நான் இப்படி ஒரு அம்மாவைத் திருப்பி அனுப்பியதை மேடம் பார்த்துவிட்டார்.

“காசோட வந்தவங்களை ஏன் அக்கா திருப்பி அனுப்பினீங்க?”

“சங்கரா முந்தாநாள் ஐஸு மேடம். கெட்டுப் போகல, ஆனா ருசி இருக்காது. ரெகுலருக்குக் குடுக்க மனசு வரல.”

“அப்ப இதையும் பக்கத்துல போட்டுடலாம்.”

“எதை?”

“இன்னிக்கு சங்கரா சுமார்னு.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “இன்னா மேடம் பேசறீங்க? நம்ம மீனு சுமாருன்னு நாமளே ஊருக்குச் சொல்லுவமா? அந்த ஏசி கடைக்காரன் சொல்லுவானா? பூனைக்கு மீன் வாங்கறவங்களுக்கு இன்னா தெரியும் வியாபாரத்தைப் பத்தி?” என்று கத்திவிட்டேன். அவரும் விடவில்லை. “அந்தம்மா ஏன் அக்கா இத்தனை வருஷமா உங்ககிட்டயே வராங்க? ஐஸ் பொட்டியைப் பார்த்தா? நீங்க வேண்டாம்னு சொல்லுவீங்கன்னு தெரிஞ்சுதானே வராங்க? பக்கத்துக்கு வர்ற அத்தனை பேரையும் ரெகுலர் ஆக்கணும்னா, ரெகுலர்கிட்ட சொல்றதை எல்லார்கிட்டயும் சொல்லணும்” என்றார். மாரி வண்டியில் சாய்ந்துகொண்டு, “சொல்லிடுடி, கடையை மூடறதுன்னு ஆச்சு, நல்ல பேரோட மூடலாம்” என்று வெறுப்பேற்றினார். நான் கோபத்தில், “போட்டுக்கங்க, எப்படியோ போங்க” என்றேன். போட்டார்.

“இன்று சங்கரா சுமார்தான். நாளைக்கு வந்து பாருங்க” என்ற வரி அப்படித்தான் பிறந்தது. அன்றைக்குக் கடையில் ஈ ஓட்டினேன். நான் எதிரே இருந்த டீக்கடையைக்கூடப் பார்க்கவில்லை, அவ்வளவு கோபம். மறுநாள் நல்ல வவ்வாலும் நெத்திலியும் கிடைத்தது. மாரி பலகையைப் போடுவதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். அதில் பாதி முகம் எனக்குத் தெரியாத முகம். ஒரு பெண், கல்யாணமாகிப் புதிதாக வந்தவள் போல, “நேத்து வேணாம்னு போட்டிருந்தீங்களே, அதான் இன்னிக்கு வந்தேன்” என்றாள். எனக்கு அது இன்றைக்கு வரைக்கும் ஆச்சரியம்தான். வேண்டாம் என்று சொன்னதற்கா ஒருத்தி வருவாள்? நான் மேடத்துக்குப் போன் பண்ணினேன். என்ன சொல்வது என்று தெரியாமல், “மேனேஜருக்கு இன்னிக்கு நெத்திலி குடுத்தனுப்பட்டா?” என்று கேட்டேன். “குடுத்தனுப்புங்க அக்கா” என்றார். சண்டை அதோடு சரி.

அவருக்கு ஒரு விஷயம் தெரியாவிட்டால் தூக்கம் வராது. ஒரு தடவை கேட்டார், “அக்கா, வவ்வாலுக்கும் வஞ்சிரத்துக்கும் ருசில என்ன வித்தியாசம்? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. எழுதறது நான், ஒண்ணும் தெரியாமலே எழுதறேன்.” தின்னாதவருக்கு எப்படிச் சொல்வது? இரண்டு நாள் யோசித்தேன். வஞ்சிரம் சேனைக்கிழங்கு வறுவல் மாதிரி, கெட்டியாக நிற்கும். வவ்வால் பனீர் மாதிரி, வாயில் வைத்தால் கரையும். நெத்திலி வடகம் பொரித்த மாதிரி. சுறாப் புட்டு பருப்பு உசிலி மாதிரி. இதைச் சொன்னதும் துள்ளிக் குதித்துவிட்டார். “பருப்பு உசிலியா? நிஜமாவா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மறுநாள் வரியில், “இன்று பால் சுறா உண்டு. புட்டு செய்தால் பார்க்கப் பருப்பு உசிலி. பக்கத்து வீட்டில் சொல்லிவிடாதீர்கள்” என்று எழுதினார். அதை எத்தனை பேர் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டீர்கள்! பிறகு அவர் வீட்டு சாரே சொன்னாராம், “உசிலி பண்ணும்போதெல்லாம் இனிமே எனக்கு அதுதான் ஞாபகம் வரும், ஏண்டி இப்படிப் பண்றே?” என்று.

புரட்டாசி வந்தபோது நான் பயந்தேன். மாசம் முழுக்க மீன் போணியாகாது. பக்கத்தையும் மூடிவிடலாம் என்றேன். மேடம் கூடாது என்றார். “மாறாத பக்கம் பூட்டின கடை மாதிரி அக்கா. ஒரு தடவை பூட்டியிருந்தா பரவாயில்லைன்னு போவாங்க. ரெண்டு தடவை பூட்டியிருந்தா அந்த வழியாவே வரமாட்டாங்க.” மீன் இல்லாமல் எதை எழுதுவது? அவர் கவலைப்படவில்லை. “இன்றும் மீன் இல்லை. கேம்ப் ரோட்டில் தண்ணீர் நிற்கிறது, சுற்றிப் போங்க.” “இன்றும் மீன் இல்லை. பூனைக்கு மட்டும் மத்தி வந்திருக்கிறது. அது புரட்டாசி பார்ப்பதில்லை.” மீன் வாங்காத மாசத்திலும் நீங்கள் வந்து வந்து பார்த்தீர்கள் என்று அந்தத் திரையில் காட்டினார். எனக்குப் பச்சைச் சுடிதார் அம்மா ஞாபகம் வந்தார். அவர் பெயர் எனக்கு இன்றைக்கும் தெரியாது. புரட்டாசி முடிந்த மறுநாள் மாரி இரண்டு நடை அடித்தார். அதன் பிறகு அவர் வேறு லோடு பற்றிப் பேசவில்லை.

மேடம் ராத்திரி பகல் என்று பாராமல் உழைத்தார் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். அப்படி இல்லை. மத்தியானம் நன்றாகத் தூங்குவார். டியூஷன் சென்டர்காரர் சொன்னது பிடிக்கவில்லை என்றால் அந்த வேலையையே விட்டுவிடுவார். கோபம் வந்தால் பேச மாட்டார். ஆனால் எதையாவது பார்த்தால், அது ஏன் அப்படி என்று கேட்காமல் போக மாட்டார். என் போனில் அவர் ஒரு பட்டன் வைத்துக் கொடுத்திருந்தார். “இதை அழுத்தினா நீங்களே வரி எழுதலாம் அக்கா” என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். “நீங்க இருக்கறப்ப எனக்கு எதுக்கு மேடம்?” என்பேன். “நான் ஊருக்குப் போனா?” என்பார். “போன்ல சொல்றேன், அங்கேருந்து எழுதுங்க” என்பேன். அவர் சிரிப்பார், நானும் சிரிப்பேன். அந்தப் பட்டனை நான் தொட்டதே இல்லை.

அவர் வீட்டுக்கு நான் போனது ஒரே ஒரு தடவைதான், அவர் போன அன்றைக்கு. மீன் வாடையோடு அந்த வீட்டில் எப்படி நிற்பது என்று வாசலிலேயே நின்றேன். குளித்துத்தான் போனேன், ஆனாலும் எங்கள் கையிலிருந்து அது போகாது. சார் என்னைப் பார்த்து, “உள்ளே வாங்கம்மா” என்றார். கூட்டத்தில் யாரோ, “இவங்க யாரு?” என்று கேட்டார்கள். “உமாவோட வெப்சைட்” என்றார் சார். அழுகைக்கு நடுவில் எனக்கு அது விசித்திரமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

அதன் பிறகு அந்த வரி நின்றுகொண்டே இருந்தது. நான் கடையைத் திறந்தேன், மீன் கொண்டு வந்தேன், ஆனால் வரியைத் தொடவில்லை. நீங்களும் தினமும் வந்து பார்த்திருக்கிறீர்கள். “நாளைக்கு வந்து பாருங்க” என்று இருந்தது, நாளைக்கு வந்தால் அதுவே இருந்தது. ரெண்டு தடவை பூட்டியிருந்தா அந்த வழியாவே வரமாட்டாங்க என்று அவர் சொன்னது காதில் விழுந்துகொண்டே இருந்தது. போன் பண்ணிக் கேட்கிறவர்கள் குறைந்தார்கள். கம்பெனி பஸ் ராஜகீழ்ப்பாக்கத்தில் நிற்காமல் போவதைப் பார்த்தேன். மாரி, “மாத்துடி, அந்தம்மா இருந்தா உன்னைத் திட்டும்” என்றார். “அவங்க எழுத்தை நான் எப்படிய்யா அழிக்கிறது?” என்றேன்.

நேற்றுக் காலையில் எதிர்ப்பக்கம் டீக்கடை ஓரத்தில் அதே ஸ்கூட்டி வந்து நின்றது. இறங்கியது சார். மூக்கில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு, கடைக்குப் பத்தடி தள்ளியே நின்று, மேடம் கொண்டு வருகிற அதே மஞ்சள் பையை நீட்டினார்.

“கால் கிலோ மத்தி.”

“சார், நீங்க எதுக்கு? நான் மாரிகிட்ட குடுத்தனுப்ப மாட்டேனா?”

“இல்லைம்மா. மேனேஜர் எதையும் தொட மாட்டேங்குது.” பிறகு தயங்கித் தயங்கி, “நான் தினமும் உங்க பக்கத்தைப் பார்க்கிறேன். மத்தி வந்திருக்கான்னு தெரியலை. அதான் நேர்லயே பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்றார்.

சார் கூட அந்தப் பக்கத்தைப் பார்க்கிறார்! மீன் வாடையே ஆகாத மனுஷன், மத்தி உண்டா என்று தினமும் அங்கே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, பதில் இல்லாமல் திரும்பிப் போயிருக்கிறார். அவரைத்தான் நான் இத்தனை நாள் பூட்டின கடை வாசலில் நிற்க வைத்திருக்கிறேன். மத்தியைக் கட்டிக் கொடுத்தேன்.

இன்று காலையில் கோவளத்தில் கூடையை ஏற்றியதும் பழக்கத்தில் மேடம் நம்பரைத்தான் எடுத்தேன். பிறகு வைத்துவிட்டு, அந்தப் பட்டனை அழுத்தினேன். அவர் வரி கண்ணெதிரே இருந்தது. அதை ஒரு தடவை வாய்விட்டுப் படித்தேன். பிறகு அழித்தேன். ஒவ்வொரு எழுத்தாகப் போனது. ஒரே விரலால் என் வரியை எழுதினேன், பஸ் வருவதற்குள் போட்டுவிட்டேன். எழுத்துப் பிழையைச் சாயங்காலம் வந்து என் மகள் திருத்திவிட்டாள்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு கேள்விதான். கடையைக் கட்டும்போது தினமும் போனில் கேட்பார்: “அக்கா, நாளைக்கு எதுக்கு வருவாங்க?” இன்றைக்கு என்ன விற்றது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இனிமேல் அதை நானே என்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். டீக்கடைக்காரர் அந்த ஸ்டூலை எடுக்கவில்லை. நான் சில நேரம் தெருவைத் தாண்டிப் போய் அதில் உட்கார்ந்து என் கடையையே பார்க்கிறேன். அங்கிருந்து பார்த்தால் அது வேறு யாருடைய கடையோ மாதிரி இருக்கிறது. யார் வருகிறார்கள், யார் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள், ஏன் போகிறார்கள் என்று எனக்கும் கேட்கத் தோன்றுகிறது.

இன்றைய வரி இதுதான்:

இன்று மத்தி அருமையாக உள்ளது. சங்கரா இல்லை. மேடம் வீட்டுப் பூனைக்குத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன் சார், நாளைக்கும் வந்து பாருங்க.